1806க்கு போட்டோ கிடையாது: ஜூலை 10 பேனரில் யார் முகத்தை ஒட்டுவது?

#1 அகழிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டம் சார்பில் இந்த வருடம் ஜூலை 10க்கு, 1806இல் வெள்ளைக்கார அதிகாரிகளை எதிர்த்துக் கோட்டையில் எழுந்த வேலூர் சிப்பாய்ப் புரட்சி பற்றி ஒரு சின்னக் கண்காட்சி வைக்கிறோம். உள்ளே தட்டிகள், வாசலில் எட்டடிக்கு ஆறடியில் ஒரு பெரிய படம். டிசைன் செய்யும் தம்பி மாதிரியை வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறார். குழுவில் எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. படத்தை இங்கே ஏற்ற முடியாது, சொல்லிவிடுகிறேன்.

பின்னால் கோட்டை மதிலும் அகழியும், ஆரஞ்சு நிற வானம். இடது பக்கம் ஆளுயரத்துக்கு திப்பு சுல்தான், கையில் வாள். அவர் காலடியிலிருந்து துப்பாக்கியோடு ஓடிவரும் சிப்பாய்கள். வலது மூலையில் பீரங்கி வாயில் கட்டப்பட்ட ஆட்கள். கீழே இடிந்த கட்டடம் ஒன்று, அதன் முன்னால் மண்டை ஓடும் எலும்பும். மேலே புலிவரிக் கொடி. எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு நிறம் ஏற்றி, ஓரங்களைப் புகையில் கரைத்திருக்கிறார். எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. நல்ல வேலைக்காரர், மறுக்கவில்லை.

ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். திப்பு 1799 மே 4ஆம் தேதியே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்துவிட்டார். வேலூரில் நடந்தபோது அவர் இறந்து ஏழு வருடம். பீரங்கிக் காட்சி வெரெஷ்சாகின் என்ற ரஷ்ய ஓவியர் 1880களில் வரைந்தது. அதில் நிற்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வெள்ளைத் தொப்பி போட்டிருக்கிறார்கள், அது அவர் காலத்து உடுப்பு. எலும்பும் இடிந்த கட்டடமும் லக்னோ. 1857 கிளர்ச்சியில் சண்டை நடந்த சிக்கந்தர் பாக்கில் ஃபெலிச்சே பியாட்டோ என்ற போட்டோகிராபர் 1858இல் எடுத்தது. ஓடிவரும் சிப்பாய்கள் ஏதோ சினிமா ஸ்டில். நம் ஊருடையது கோட்டை மட்டும்தான். அதிலும் விளக்குக் கம்பத்தையும் தொல்லியல் துறை போர்டையும் அழித்திருக்கிறார்.

இனி என்ன செய்யலாம்? துண்டுகளை மட்டும் மாற்றினால் போதுமா, இல்லை இந்த மாதிரி ஒட்டிச் சேர்க்கும் வேலையே வரலாற்றுக்கு ஆகாதா? போட்டோ என்ற சமாச்சாரமே 1839இல்தான் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. 1806க்கு நாம் எதை ஒட்டினாலும் அது இரவல்தான்.

#2 காட்பாடி ஜங்ஷன்

அண்ணா, படத்தை அப்படியே விடுங்கள். சிக்னலில் நிற்கிறவன் அதைப் பார்க்கப்போவது பத்து விநாடி. அவனுக்கு வெரெஷ்சாகின் யாரென்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? "இங்கே ஒரு பெரிய சண்டை நடந்தது, நம் ஆட்கள் செத்தார்கள்" என்று உறைத்தால் போதும். உள்ளே வந்தால் மீதியைத் தட்டியில் படித்துக்கொள்வான்.

திப்பு விஷயத்திலும் எனக்கு உடன்பாடில்லை. அவர் மகன்களைக் கோட்டைக்குள்தான் அடைத்து வைத்திருந்தார்கள். முந்தின நாள் அவர் மகளுக்குக் கல்யாணம். சிப்பாய்கள் ஏற்றியது மைசூர்ப் புலிக்கொடி. இவ்வளவும் இருக்கும்போது அப்பன் படத்தைப் போடக்கூடாதா?

நம் ஊர்க் கல்யாண பேனரில் மேலே பெரியாரும் அண்ணாவும் இருப்பார்கள். பெரியார் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதினார் என்று யாராவது நினைக்கிறார்களா? பேனருக்கு என்று ஒரு இலக்கணம் இருக்கிறது, அதை நம் ஜனங்கள் நன்றாகவே படிப்பார்கள்.

#3 ராணிப்பேட்டை வாசகி

காட்பாடி சொல்லும் இலக்கணம் சரிதான். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பெரியார் மேலே வட்டத்துக்குள் இருப்பார், அல்லது மேகத்தில் இருப்பார். மாப்பிள்ளை கீழே தரையில் நிற்பார். அந்த வட்டக்கோடுதான் "இவர் இங்கே இல்லை, ஆனால் நமக்கு வேண்டியவர்" என்று சொல்கிறது. தம்பி செய்த படத்தில் திப்பு சிப்பாய்களோடு ஒரே தரையில், ஒரே புகைக்குள் நிற்கிறார். கோட்டையே தெரியாத பிள்ளை அதைப் பார்த்தால், திப்பு வேலூரில் படை நடத்தினார் என்றுதான் எழுதும். பரீட்சைத் தாளில் நான் பார்க்காததா!

இன்னொன்று. "திப்புவின் உண்மையான போட்டோ" என்று ஒரு தாடிக்காரர் படம் பல வருடமாகச் சுற்றுகிறது. அது சான்சிபாரைச் சேர்ந்த திப்பு டிப் என்ற 19ஆம் நூற்றாண்டு அடிமை வியாபாரி. பெயர் ஒத்துப்போனது, ஆள் மாறிவிட்டார். திப்புவைப் பிடிக்காதவர்கள் அந்தப் படத்தைப் பரப்பினார்கள், பிடித்தவர்கள் சிலரும் பரப்பினார்கள். பேனர் தம்பி கூகுளில் எடுக்கும்போது அதுவும் வந்து மாட்டாமல் இருந்ததே பெரிய விஷயம்.

#4 டச்சப் தாத்தா

நான் வேலூரில் ஸ்டூடியோவில் டச்சப் வேலை பார்த்தவன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இதையெல்லாம் கையால் செய்தோம். அதனால் ஒரு வார்த்தை.

வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "அப்பா போன வருஷம் தவறிட்டார், கல்யாண போட்டோவில் அம்மா பக்கத்தில் அவரை நிறுத்த முடியுமா?" அப்பாவின் பழைய படத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கி பிரிண்ட் போடுவோம். புது பிளேடால் உருவத்தை வெட்டி எடுப்போம். வெட்டின பிரிண்டைத் திருப்பிப்போட்டு, ஓரத்தைப் பின்பக்கமாக உப்புத்தாளால் தேய்க்கணும். காகிதம் வெங்காயச் சருகு மாதிரி ஆகிற வரைக்கும் தேய்க்கணும். அவசரப்பட்டால் கிழியும். கனம் இருந்தால் ஒட்டின பிறகு ஓரத்தில் ஒரு நிழல் விழும், அது காட்டிக்கொடுத்துவிடும். பசை போட்டு ஒட்டி, மேலே கனத்த கண்ணாடியை வைத்து அழுத்தி, காய்ந்ததும் பொடிப் பிரஷ்ஷால் இணைப்பில் மை வைப்போம். அப்புறம் அந்த முழுப் படத்தையும் காப்பி ஸ்டாண்டில் வைத்து மறுபடி போட்டோ எடுப்போம். அந்தப் புது நெகட்டிவ்வில் இணைப்பு என்ற ஒன்றே இருக்காது.

எல்லாம் செய்தாலும் வெளிச்சம் ஏமாற்றும். அம்மாவுக்கு இடப்பக்கம் வெளிச்சம், அப்பாவுக்கு வலப்பக்கம். மூக்கு நிழலைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். அகழிக்கரை தம்பி, உங்கள் பேனரிலும் அதைப் பாருங்கள். கோட்டை வாசல் கிழக்குப் பார்த்தது. சாயங்காலம் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்தால் மதில் கருத்துத்தான் விழும். மதிலில் வெயில் பளிச்சென்று இருந்து, வானம் மட்டும் ஆரஞ்சாக இருந்தால், படம் காலையில் எடுத்தது, வானம் பிறகு ஏற்றியது.

#5 அகழிக்கரை

தாத்தா, பார்த்தேன். மதிலில் நல்ல வெயில்!

#6 காட்பாடி ஜங்ஷன்

அப்படியென்றால் தாத்தா காலத்திலேயே போட்டோவில் பொய் சொல்லியாகிவிட்டது. இப்போது ஃப்ளெக்ஸ் கடைத் தம்பியை மட்டும் ஏன் பிடிக்கிறோம்?

#7 டச்சப் தாத்தா

பொய் இல்லை தம்பி. அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அப்பா கல்யாணத்துக்கு இல்லை என்று. அவர்களே கேட்டுச் செய்ததுதானே. பேரன் காலத்தில்தான் சிக்கல் வரும். சொல்ல ஆள் இருக்காது, படம் மட்டும் சுவரில் இருக்கும். எங்கள் முதலாளி அதற்காகவே காப்பி பிரிண்ட்டின் பின்பக்கம் பென்சிலால் "சேர்த்தது" என்று எழுதி, தேதியும் போடுவார். ஃபிரேம் போடுகிறவன் அதன் மேல் அட்டையை ஒட்டி மறைத்துவிடுவான், அது வேறு கதை.

#8 பாலாற்று மணல்

தாத்தா சொன்ன "சேர்த்தது" பழக்கம் உலகத்தில் பலருக்கு இருந்திருந்தால் வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

போட்டோ வந்த கொஞ்ச நாளிலேயே ஒட்டுவேலையும் வந்துவிட்டது. 1857இல் ரைலாண்டர் என்பவர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கிக் காட்டினார். அது கலைக்காகச் செய்தது, விட்டுவிடலாம். நம் கேள்விக்கு நேரடியாக வருவது 1871 பாரிஸ். அங்கே எழுந்த புரட்சி அரசான பாரிஸ் கம்யூனை அடக்கிய பிறகு யூஜென் அப்பேர் என்ற போட்டோகிராபர் கம்யூன்காரர்கள் செய்த கொலைகள் என்று ஒரு படவரிசை வெளியிட்டார். எதையும் நேரில் எடுக்கவில்லை. கூலிக்கு நடிகர்களை நிறுத்தி எடுத்து, அவர்கள் உடம்பில் உண்மையான ஆட்களின் தலைகளை ஒட்டினார். அந்தத் தலைகளில் பல, வெர்சாய் சிறையில் கைதிகளை அவரே எடுத்த போட்டோக்களிலிருந்து வெட்டியவை. ஒட்டின பிறகு மறுபடி போட்டோ, நம் தாத்தா சொன்ன அதே வழி. கம்யூன்காரர்கள் செய்த கொலைக்குப் படம் இருந்தது. அரசுப் படை அதைவிடப் பல மடங்கு ஆட்களைத் தெருவில் சுட்டுக் கொன்றது. அதற்கு அவர் வரிசையில் இடம் இல்லை.

நம் நாட்டுக்கு வந்தால் பியாட்டோ. சிக்கந்தர் பாக் சண்டை 1857 நவம்பரில். அவர் லக்னோ போனது அடுத்த வருடம் மார்ச் வாக்கில். மாதக்கணக்கில் எலும்பு அப்படியே முற்றத்தில் கிடந்திருக்காது, படத்துக்காகத் தோண்டிப் பரப்பினார்கள் என்று அந்தக் காலத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஆக, அகழிக்கரை பேனரின் மூலையில் இருப்பது ஏற்கெனவே ஒருமுறை ஜோடித்த படம். அதையும் தூக்கிவந்து வேலூரில் போட்டால் ஜோடனைக்கு மேல் ஜோடனை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஜெர்மனியில் நடந்தது. முதல் உலகப்போர் முடிந்ததும் ஹன்னா ஹோக் மாதிரி ஓவியர்கள் பத்திரிகைகளை வெட்டி ஒட்டினார்கள். ஒட்டினது தெரியவேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். ஜான் ஹார்ட்ஃபீல்ட் 1932இல் ஒரு படம் செய்தார். ஹிட்லர் மேடையில் கத்துகிறார், உடம்பு மட்டும் எக்ஸ்ரே. உள்ளே முதுகெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் தங்கக்காசு அடுக்கியிருக்கிறது. ஹிட்லர் நெஞ்சில் காசு இருந்ததாக யாரும் நம்பப்போவதில்லை. ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். ஒட்டுப்படத்தால் வரலாற்றைச் சொல்லலாம் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ரஷ்யாவில் அதே கத்தரிக்கோல் வேறு வேலை பார்த்தது. மாஸ்கோ கால்வாய் ஓரம் ஸ்டாலினோடு நடக்கும் ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ், பதவி போய் 1940இல் சுடப்பட்ட பிறகு படத்திலிருந்தும் போய்விட்டார். அவர் நின்ற இடத்தில் இப்போது தண்ணீர்தான் ஓடுகிறது.

எனவே ஒட்டலாமா கூடாதா என்பது என் கேள்வியே இல்லை. பழுப்பு நிறமும் புகையும் எதற்காக? இது உண்மையான பழைய போட்டோ என்று நம்பவைக்கத்தானே? அதை எடுத்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

#9 மக்கான் சிக்னல்

ஒரு குறுக்குச்சால். கோட்டையே ஒரு ஒட்டுப்படம்தானே? நாயக்கர் கட்டின மதில், உள்ளே கோயில், மசூதி, சர்ச். கண்டி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனைக் கொண்டுவந்து அடைத்ததும் இங்கேதான். கோயிலில் ரொம்ப காலம் லிங்கம் இல்லை, 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாம் வெவ்வேறு காலம், ஒரே ஃபிரேம்.

#10 ராணிப்பேட்டை வாசகி

அப்படிப் பார்த்தால் ஆற்காடு பஸ் ஸ்டாண்டும் ஒட்டுப்படம்தான். எல்லாவற்றையும் அப்படிச் சொல்லிவிட்டால் பேச ஒன்றும் மிஞ்சாது. கோயில் மண்டபத்தை யாரும் சர்ச் மேல் ஒட்டிப் புகை போட்டு மறைக்கவில்லை.

நான் வேறு ஒன்று சொல்லவந்தேன். நிறத்தையும் புகையையும் எடுத்தால் பாதி தீரும் என்கிறார் மணல். மீதிப் பாதிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இந்த வரலாற்றில் யாருக்கு முகம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். திப்புவுக்கு ஓவியம் உண்டு. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்த கில்லெஸ்பிக்கு ஓவியம் உண்டு, லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் சிலையும் உண்டு. கவர்னர் பெண்டிங்குக்கு உண்டு. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் செத்துப்போனார், அவர் மனைவி அன்றைக்குக் குழந்தைகளோடு ஒளிந்திருந்ததை விவரமாக எழுதிவைத்திருக்கிறார்.

புரட்சியை முன்னின்று நடத்திய சுபேதார் ஷேக் ஆதமுக்கு முகம் இல்லை. ஜமேதார் ஷேக் காசிமுக்கு இல்லை. முன்கூட்டியே போய்க் காட்டிக்கொடுத்த முஸ்தபா பேக்குக்குக்கூட இல்லை. அவர் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை, பிறகு பரிசு கொடுத்தார்கள். 1806 மே மாதம் இதே வேலூரில் புதுத் தலைப்பாகையை மறுத்ததற்காக ஆளுக்கு 900 கசையடி விதிக்கப்பட்ட இரண்டு பேர், ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். அவர்களுக்கும் இல்லை.

ஒட்டுப்படம் என்றால் கிடைக்கும் படத்தைத்தான் ஒட்ட முடியும். ஏற்கெனவே யாரை வரைந்துவைத்தார்களோ அவர்கள்தான் பேனரிலும் பெரிதாக நிற்பார்கள். புரட்சி செய்தவனுக்குச் சினிமாத் துணைநடிகர் முகம். அவன் செத்த இடத்துக்கு லக்னோக்காரன் எலும்பு. அந்த எலும்புக்குச் சொந்தக்காரர்களும் பெயர் தெரியாமல் போனவர்கள்தான். அவர்களை வேலூர்க்காரர்களாக மாற்றினால் லக்னோ கணக்கிலும் குறைந்துபோவார்கள்.

#11 காட்பாடி ஜங்ஷன்

இது நியாயமான பேச்சு. அப்போ சிப்பாய்க்கு எதை வைப்பது? முகம் இல்லாமல் உடுப்பை மட்டும் வைத்தால் தலையில்லாத முண்டம் மாதிரி இருக்கும். எட்டடி உயரத்தில் அதைப் பார்த்தால் குழந்தைகள் பயப்படும், பெரியவர்கள் அபசகுனம் என்பார்கள். பேனரை அன்றைக்கே கழற்றச் சொல்வார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

#12 பாலாற்று மணல்

தலையைச் சுற்றித்தானே சண்டையே நடந்தது! 1805 நவம்பரில் புதுத் தலைப்பாகை உத்தரவு. பார்க்கத் தொப்பி மாதிரி, அதில் தோல் பட்டை வேறு. அடுத்து, நெற்றியில் சாதிச்சின்னம் கூடாது, தாடியை மழிக்கணும் என்று சட்டம். கவர்னர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் பிறகு திரும்ப அழைக்கப்பட்டதற்கு இதுதான் காரணம். சிப்பாய் முகம் இருக்கவேண்டிய இடத்தில் அந்த உத்தரவின் வாசகத்தையே தமிழில் ஒட்டலாம் என்பது என் யோசனை. நெற்றியில் இருக்கவேண்டிய வரி நெற்றியில், தாடை பற்றிய வரி தாடையில். முண்டம் மாதிரி இருக்காது. முகத்தின் வடிவம் இருக்கும், உள்ளே எழுத்து.

உடுப்பு மட்டும் சரியாக இருக்கட்டும். அந்தக் காலத்து மதராஸ் சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு, தொடையோடு நிற்கும் அரைக்கால் சட்டை, காலில் செருப்பு. சினிமா ஸ்டில்லில் எல்லாரும் முழு பேண்ட், பூட்ஸ் போட்டிருப்பார்கள்.

#13 மக்கான் சிக்னல்

எழுத்தால் முகம் நன்றாக இருக்கிறது. சிக்னலில் நிற்கிறவன் பத்து விநாடியில் படிக்க முடியாது என்றாலும், என்னடா இது என்று ஒரு நிமிஷம் பார்ப்பான்.

#14 அகழிக்கரை

நேற்று தம்பியோடு உட்கார்ந்தேன். முதலில் கொஞ்சம் முகம் வாடிப்போனார், இரண்டு ராத்திரி கண்விழித்த வேலையாம். தாத்தாவின் உப்புத்தாள் கதையைச் சொன்னதும் ஆர்வமாகிவிட்டார்.

இப்போதைய திட்டம் இது. பின்னணியில் இன்றைய கோட்டை, கலரில், விளக்குக் கம்பமும் போர்டும் அப்படியே. வெயில் காலை வெயில்தான், அது பொருத்தமும்கூட. கில்லெஸ்பி கோட்டைக்கு வந்து சேர்ந்தது காலையில். அதன் மேல் வெள்ளை ஓரத்தோடு வெட்டி ஒட்டிய துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் அது எந்த வருடத்துப் படம் என்று, தூரத்திலிருந்தும் தெரியும் அளவில் எண். நடுவில் எழுத்துமுகச் சிப்பாய்கள், அவர்கள்தான் எல்லாரையும்விடப் பெரிது. கில்லெஸ்பிக்குத் தபால்தலை அளவு. லக்னோ எலும்பு எடுத்தாகிவிட்டது. வெரெஷ்சாகினையும் எடுக்கச் சொன்னேன். பீரங்கி வாயில் கட்டிச் சுட்டது வேலூரிலும் நடந்ததுதான், ஆனால் அந்த ஓவியத்தின் வெள்ளைத் தொப்பிகள் கதையை 80 வருடம் தள்ளிக் கொண்டுபோய்விடுகின்றன. அதை உள்ளே தட்டியில் விளக்கத்தோடு வைக்கலாம்.

திப்பு மட்டும் முடிவாகவில்லை. குழுவில் இரண்டு பேர், அவரை எடுத்தால் வரமாட்டோம் என்கிறார்கள்.

#15 காட்பாடி ஜங்ஷன்

மேலே வட்டத்துக்குள் போடுங்கள் அண்ணா, 1799 என்ற எண்ணோடு. கொடி அவர் பக்கத்திலிருந்து கீழே சிப்பாய் கைக்கு வரட்டும். பேனர் இலக்கணம் தெரிந்தவன் சொல்கிறேன், ஒருத்தனும் தப்பாகப் படிக்கமாட்டான். வரமாட்டோம் என்றவர்கள் முதல் ஆளாக வந்து வட்டத்தின் கீழ் நின்று செல்ஃபி எடுப்பார்கள்.

#16 ராணிப்பேட்டை வாசகி

வட்டத்துக்கு என் ஓட்டும் உண்டு. மகன்களை மறந்துவிடாதீர்கள். உண்மையில் கோட்டைக்குள் இருந்தவர்கள் அவர்கள்தான். இதற்குப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டவர்களும் அவர்கள்தான். தரையில் நிற்கும் உரிமை அவர்களுக்குத்தான் இருக்கிறது.

#17 டச்சப் தாத்தா

வெள்ளை ஓரம் விடுவதென்றால் ஒரே அளவாக விடச் சொல்லுங்கள். ஓரம் தெரியலாம், கத்தரிப்பு கோணலாக இருக்கக்கூடாது. இன்னொன்று, பிரிண்டுக்குக் கொடுக்கும் முன் ஒரு மூலையை மட்டும் நிஜ அளவில் போட்டுப் பாருங்கள். போனில் தெரிகிற சிவப்பு வேறு, ஃப்ளெக்ஸில் விழுகிற சிவப்பு வேறு. கோட்டு ரோஸ் நிறத்தில் வந்துவிட்டால் உங்கள் சிப்பாய் பேண்டு வாத்தியக்காரன் மாதிரி நிற்பான்.

#18 அகழிக்கரை

சரி தாத்தா. மூலை மாதிரி வெள்ளிக்கிழமை வருகிறது. ஆபீசர்ஸ் லைன் பக்கம் வர முடிந்தால் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். பேனர் வைக்க அனுமதிக்கு மனு கொடுத்தாயிற்று. மகன்களின் ஓவியம் நல்ல தரத்தில் யாரிடமாவது இருந்தால் தனிமடலில் அனுப்பவும். எந்த வருடத்தில் வரைந்தது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள், எண் போடணும்.